கிர்டின் வரைந்த ‘சென் தெனி தெரு’ (பாரிஸ், 1802): எந்தப் பக்கம் நின்று பார்த்தார்?

நீர்வண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தாமஸ் கிர்டின் நீர்வண்ணத்தில் வரைந்த பாரிஸ் தெரு, ரூ சென் தெனி. இரண்டு பக்கமும் உயரமான பழைய வீடுகள், கோடியில் போர்ட் சென் தெனி என்ற கல் வளைவு, அடியில் ஜனநடமாட்டம். சொல்லப்போனால் அவ்வளவுதான். ஆனால் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

கிர்டினை நம் பக்கத்தில் அதிகம் பேர் பேசுவதில்லை, அதனால் இரண்டு வரி. 1775-ல் லண்டன் சதக்கில் பிறந்தவர். ஓவியர் டர்னரும் அதே வருடம்தான். பையன்களாக இருந்தபோது இருவரும் டாக்டர் மன்ரோ என்பவர் வீட்டில் மாலை நேரங்களில் உட்கார்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து கூலி வாங்கியவர்கள். கிர்டின் கோடு போடுவார், டர்னர் வண்ணம் பூசுவார். 1801 நவம்பரில் கிர்டின் பாரிஸ் போனார். பிரான்ஸும் இங்கிலாந்தும் வருடக்கணக்காகச் சண்டை போட்டு, அப்போதுதான் சமாதானப் பேச்சு கூடிவந்திருந்தது. 1802 மே வரை அங்கே இருந்தார். அதே வருடம் நவம்பர் 9-ஆம் தேதி இறந்துபோனார். வயது 27. அடுத்த மே மாதமே மறுபடியும் போர். ஆக, திறந்திருந்த ஒரு சின்னக் கதவு வழியாக உள்ளே நுழைந்து வரைந்துவிட்டு வந்திருக்கிறார்.

எனக்கு இரண்டு சந்தேகம்.

1. இவ்வளவு வீடுகள், இவ்வளவு ஜன்னல்கள். ஒன்றையும் ஒழுங்காக அவர் ‘வரையவில்லை’. ஆனாலும் எல்லாம் இருக்கிறது. எப்படி? மூன்று முறை காப்பி எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் என் வீடுகள் அடுக்கிவைத்த தீப்பெட்டி மாதிரியே வந்தன.

2. அவர் நின்றது ஊருக்கு உள்ளேயா, வெளியேயா? வளைவை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம்?

---

தூரிகைக்காரி

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உங்கள் தீப்பெட்டிக்குக் காரணம் ஜன்னல்தான். நீங்கள் முதலில் ஜன்னல் போட்டிருப்பீர்கள்.

கிர்டினுக்கு முன்னால் இங்கிலாந்தில் கட்டடங்களை வரைந்தவர்கள் பென்சிலிலோ மையிலோ கோடு போட்டு, அதன் மேல் சாம்பல் நிறத்தில் நிழல் முழுவதையும் பூசி முடிப்பார்கள். கடைசியில்தான் மெல்லிய நிறம். அவருக்குக் கற்றுக்கொடுத்த எட்வர்ட் டேஸ் வழியும் அதுதான். சுத்தமாக இருக்கும், ஆனால் நிறம் சாம்பலுக்கு மேலே ஒட்டவைத்த மாதிரி தெரியும். கிர்டின் அந்தச் சாம்பல் அடித்தளத்தையே விட்டுவிட்டார். சுவர் காவி என்றால் முதலிலேயே காவி. நிழல் விழுந்த சுவர் என்றால் அதே காவியின் கனமான பூச்சு, கொஞ்சம் நீலம் கலந்து. நிறமும் நிழலும் ஒரே கையில் விழுகின்றன.

தாளும் முக்கியம். வழவழப்பான வெள்ளைத் தாளைத் தவிர்த்து, சொரசொரப்பான, லேசாகப் பழுப்பேறிய கார்ட்ரிட்ஜ் தாளை விரும்பினார். அந்தத் தாள் தண்ணீரை உடனே உறிஞ்சும். அழித்துத் திருத்த இடம் கொடுக்காது. ஆனால் தாளின் நிறமே சுவரின் நிறமாக, வானத்தின் வெளிச்சமாக வேலை செய்யும்.

இப்படிச் செய்து பாருங்கள். ஒரு பக்கத்து வீடுகள் அத்தனையையும் ஒரே வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிரஷ்ஷில் நிறையத் தண்ணீர் எடுத்து, பலகையைச் சாய்த்துவைத்து, கூரையில் தொடங்கித் தெரு வரை ஒரே பூச்சாக இறக்குங்கள். இறங்கும்போதே நிறத்தை மாற்றுங்கள்: மேலே லைட் ரெட் என்ற மண் சிவப்பு, நடுவில் காவி, கீழே இண்டிகோ என்ற அவுரி நீலம் கலந்த பழுப்பு. கீழே சேரும் குட்டையை பிரஷ் நுனியால் உறிஞ்சி எடுத்துவிட்டுக் காய விடுங்கள். காய்ந்த பிறகு அதே நிறத்தைக் கெட்டியாகக் குழைத்து எட்டுப் பத்து இடத்தில் மட்டும் ஜன்னல் இருட்டை வையுங்கள். பக்கத்தில் இருப்பவை தெளிவாக, தள்ளிப் போகப் போக வெறும் புள்ளியாக. மீதி ஜன்னல்களைப் பார்ப்பவர் கண் தானே போட்டுக்கொள்ளும்.

நான் இதைக் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது. மனசு கேட்காது. ‘அந்த மூணாவது மாடி ஜன்னலை விட்டுட்டியே’ என்று உள்ளே ஒரு குரல் பிடுங்கிக்கொண்டே இருக்கும்.

---

பழைய கதவு

மாற்றுக் கருத்து சொல்லலாம் அல்லவா?

நான் கட்டடக்கலைக்காரன். பழைய வீடுகளை அளந்து வரைந்து வைப்பதுதான் பிழைப்பு. எனக்குக் கிர்டினைவிட தாமஸ் ஷாட்டர் பாய்ஸ்தான் பெரிய ஆள். 1839-ல் பாரிஸ், கென்ட், ஆன்ட்வெர்ப், ரூவான் நகரங்களின் பழைய தெருக்களை வண்ணக் கல்லச்சில் கொண்டுவந்தார். கூரை ஓடு எப்படி அடுக்கியிருக்கிறது, மரச்சட்டம் எந்த இடத்தில் உளுத்திருக்கிறது, கடைப் பலகை எந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று எல்லாம் தெரியும். சாமுவேல் பிரவுட் கூட அப்படித்தான். 1819-ல் நார்மண்டி போய்வந்த பிறகு வாழ்நாள் முழுக்க இடிந்த கல்லும் வளைந்த உத்தரமுமாகவே வரைந்தார். அவருடைய ஃபிளாண்டர்ஸ், ஜெர்மனி படத்தொகுப்பு 1833-ல் வெளிவந்தது. பின்னாளில் பெரிய கலை விமர்சகரான ரஸ்கின் அப்போது பதினாலு வயதுப் பையன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்தக் குடும்பமே ஐரோப்பாப் பயணம் கிளம்பியது.

கிர்டின் படத்தை வைத்துக்கொண்டு ஒரு வீட்டையாவது திரும்பக் கட்ட முடியுமா? முடியாது. ‘கண் தானே போட்டுக்கொள்ளும்’ என்பது பார்ப்பவருக்குச் சரி. அந்த வீடு இடிந்துபோன பிறகு?

---

தூரிகைக்காரி

கதவு அண்ணா, கேள்வி நியாயமானது. பாய்ஸை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்பது வீட்டைப் பற்றி, கிர்டின் வரைந்தது தெருவை. பாய்ஸ் படத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் முகம் இருக்கும், உண்மை. கிர்டின் படத்தில் இரண்டு மதிலுக்கு நடுவே வெளிச்சம் ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது. நீங்கள் அளந்தால் சுவரைத்தான் அளக்க முடியும். இரண்டு சுவருக்கு நடுவில் இருப்பதை எதைக்கொண்டு அளப்பீர்கள்?

இன்னொன்று, இந்தப் படம் லண்டனில் நாடக அரங்கின் பின்திரைக்கு மாதிரியாகவும் பயன்பட்டது. நம் பழைய நாடகக் கம்பெனிகள் சொன்ன சொல்லில் சொன்னால், படுதா. படுதா எழுதுகிறவருக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்தான் கணக்கு. தூரத்திலிருந்து பார்த்ததும் ‘இது தெரு’ என்று நெஞ்சில் அடிக்க வேண்டும். அந்தக் கண் இவருக்கு ஏற்கெனவே இருந்தது. அதே 1802-ல் லண்டன் நகரத்தை 108 அடி நீளம், 18 அடி உயரத்தில் வட்டமாக வரைந்து ஸ்பிரிங் கார்டன்ஸில் காட்சிக்கு வைத்திருந்தார். அவ்வளவு பெரிய திரையில் வேலை செய்தவர் சின்னத் தாளில் ஜன்னலை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

---

லாச்சப்பல்வாசி

வணக்கம் உறவுகளே. நான் பாரிசில இருக்கிறன், இருபத்தெட்டு வருசமாச்சு. வழமையா வாசிச்சிட்டுப் போறனான், எழுதுறது குறைவு. ஆனா இந்த இழையைப் பார்த்தாப் பிறகு எழுதாமல் இருக்க ஏலாது.

இது எங்கட தெருவெல்லோ!

ரூ சென் தெனி ஆத்துப் பக்கமிருந்து வடக்க வரும். அந்த வளைவுக்கு உள்ளால தாண்டினவுடன அதுக்குப் பேர் மாறும். ரூ து ஃபோபூர் சென் தெனி. ஃபோபூர் எண்டால் மதிலுக்கு வெளியில இருந்த புறநகர். அதே தெரு நேர வடக்க போய், கார் து நோர் ஸ்டேசனுக்குப் பக்கத்தால ஏறி, லாச்சப்பலில முடியும். சுமார் ஒண்டரைக் கிலோமீற்றர். அந்த மேல் முனையில்தான் எங்கட ஆக்களின்ர கடையள்: மரக்கறிக் கடை, நகைக்கடை, சாறிக்கடை, கொத்துரொட்டிக் கடை. தேர்த்திருவிழா நேரம் இந்தப் பக்கத் தெருவெல்லாம் தேங்காய் உடைச்சுத் தண்ணி ஓடும். நான் பாரிசுக்கு வந்த முதல் கிழமை மிளகாய்த்தூள் வாங்கினதும் இந்தத் தெருவிலதான்.

உங்கட ரெண்டாவது கேள்விக்கு வாறன். கிர்டின் பாரிசில வரைஞ்ச இருபது காட்சியைக் கோட்டுப் படமாத் தானே தகட்டில கீறினவர். அவர் செத்தாப் பிறகு 1803-ல அவரின்ர தமையன் ஜோன் அதைப் புத்தகமா வெளியிட்டார். அதில இந்த வளைவுப் படத்துக்குக் குடுத்த தலைப்பைப் பாருங்கோ. ‘சென் தெனி வாசல், புறநகரிலிருந்து பார்த்தது’ எண்டுதான் போட்டிருக்கு. அப்ப மனுசன் நிண்டது ஃபோபூரில. எங்கட பக்கம். அங்க நிண்டு தெற்க, ஊருக்குள்ள பார்க்கிறார்.

இதை எழுதேக்க எனக்குக் கை நடுங்குது. நாங்கள் சாமான் வாங்கிக்கொண்டு இறங்கி வாற அதே பக்கத்திலயிருந்து அவர் பார்த்திருக்கிறார்.

---

நீர்வண்ணன்

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் இத்தனை நாளும் ஊருக்குள்ளிருந்து வடக்கே பார்ப்பதாகத்தான் நினைத்திருந்தேன். தெருவின் பெயர் ரூ சென் தெனி என்பதால் அந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று தோன்றியது. தலைப்பு இருக்கும்போது அந்த வாதம் நிற்காது.

---

பழைய கதவு

லாச்சப்பல் அண்ணன் சொன்னதற்கு வலு சேர்க்க ஒன்று. அந்த வளைவு 1672-ல் பதினாலாம் லூயிக்காகக் கட்டியது, வடிவமைத்தவர் பிரான்சுவா புளோந்தெல், உயரம் 24 மீட்டருக்குச் சற்று மேல். லூயி நகர மதிலை இடித்துவிட்டு, மதில் இருந்த இடத்தில் மரம் நட்ட அகலப் பாதை போட்டார். பழைய கோட்டை வாசலுக்குப் பதிலாக வந்ததுதான் இந்த வளைவு. தெற்கு முகத்தில் படை ரைன் ஆற்றைக் கடக்கும் சிற்பம், வடக்கு முகத்தில் மாஸ்ட்ரிக்ட் கோட்டையைப் பிடித்த சிற்பம்.

பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிவிட்டு ஊர்வலமாகப் பாரிஸுக்குள் நுழைந்த வழி இந்தத் தெருதான். செத்த பிறகு அவர்களை சென் தெனி பேராலயத்துக்கு அடக்கம் பண்ண எடுத்துப்போன வழியும் இதேதான். 1793-ல் புரட்சிக்காரர்கள் அந்தக் கல்லறைகளைத் தோண்டிப் போட்டார்கள். கிர்டின் வந்து நின்றது அதற்கு எட்டு ஒன்பது வருடம் கழித்து. ராஜா இல்லாத ராஜபாட்டை.

இந்தத் தெரு இன்றைக்கும் இருக்கக் காரணமும் சுவாரசியமானது. ஹவுஸ்மன் என்ற அதிகாரி பாரிஸைக் கிழித்துப் புதுச் சாலைகள் போட்டபோது இதை அகலப்படுத்தவில்லை. பக்கத்திலேயே இணையாக பூல்வார் செபஸ்தோபோல் என்ற நேர்சாலையை வெட்டினார். 1858-ல் திறந்தது. போக்குவரத்து அங்கே போனது, பழைய தெரு தப்பித்தது. பழைய தெருக்களை இடித்துப் புதுத் தெரு போடுவதுதான் நான் பார்த்தவரை வழக்கம். பக்கத்தில் புதுசு போட்டதால் பழசு பிழைத்த கதை அபூர்வம்.

---

காப்பறை

தாமதமாக வருகிறேன். தாள் பாதுகாப்பு வேலையில் இருப்பவள். நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நீர்வண்ணன் நான்காவது முறையும் தப்பாகக் காப்பி எடுப்பார்.

கிர்டினின் பல தாள்களில் நாம் இன்று பார்ப்பது அவர் பார்த்த நிறமே அல்ல. அவருடைய சாம்பல் நிறங்களில் இண்டிகோ அதிகம், கூட லைட் ரெட் மாதிரி மண் சிவப்பு. இண்டிகோ என்றால் அவுரிச் செடியின் நீலம், செடியிலிருந்து வருவது. மெல்லிய பூச்சாகத் தாளில் இருந்தால் வெளிச்சம் அதைத் தின்றுவிடும். மண் சிவப்பு இரும்புத்துரு, அது அசையாது. நீலம் போய்ச் சிவப்பு தங்கினால் என்ன ஆகும்? மழை மேகம் செம்மண் மேகமாகிவிடும். குளிர்ந்த நிழல் சூடான பழுப்பாகிவிடும். அவருடைய பல படங்களில் மாலை வெயில் அடிப்பது போலத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

ஒருமுறை நானே சோதித்தேன். இப்போது ட்யூபில் ‘இண்டிகோ’ என்று விற்பது பெரும்பாலும் வேறு நிறமிகளின் கலவை, அது வெளுக்காது. அதனால் அவுரிப் பொடியையே வாங்கி, வேலம்பிசின் தண்ணீரில் நன்றாக அரைத்து, லைட் ரெட்டுடன் சேர்த்துக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பட்டை இழுத்தேன். அருமையான மேகச் சாம்பல். பட்டையின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, ஏப்ரல், மே இரண்டு மாதம் தெற்கு ஜன்னலில் ஒட்டிவைத்தேன். அட்டையை எடுத்தபோது மூடிய பாதி சாம்பலாகவே இருந்தது. திறந்த பாதி வெளுத்த செங்கல் நிறம். நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு நேர்கோடு. அந்தத் துண்டை இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் 1886-ல் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. அருங்காட்சியகச் சுவரில் தொங்கும் நீர்வண்ணங்கள் வெளுத்துவருகின்றன என்று ஒருவர் பத்திரிகையில் எழுத, ரஸ்கின் மறுத்து எழுத, விஷயம் அரசாங்கம் வரை போனது. கடைசியில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் நிறமிகளை வெயிலில் வைத்துச் சோதித்து 1888-ல் அறிக்கை கொடுத்தார்கள். பல நிறமிகள் வெளுக்கும் என்று உறுதியானது. இன்று நீர்வண்ணத்தை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், அதுவும் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைப்பது இந்தப் பாடத்தால்தான். அருங்காட்சியகத்துக்குப் போய் ‘ஏன் இவ்வளவு இருட்டு, ஏன் படத்தை வெளியே வைக்கவில்லை’ என்று கோபப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: இருட்டில் வைத்ததால்தான் மிச்சம் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியம் மாதிரி இடங்களில் முன்பதிவு செய்தால் படிப்பறையில் தாளை எடுத்துவந்து உங்கள் எதிரிலேயே வைப்பார்கள். சுவரில் பார்ப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

---

நீர்வண்ணன்

அக்கா, தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கிறது. மூன்று காப்பியிலும் வானத்தை நான் காவியில் பூசினேன். ‘பாரிஸ் மாலை’ என்று பின்பக்கம் பென்சிலில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். 27 வயதில் போய்விட்டாரே, அவர் கண்டுபிடித்த இந்த வழி அவரோடு நின்றுவிட்டதா?

---

தூரிகைக்காரி

நிற்கவில்லை தம்பி. லூயி ஃபிரான்சியா என்று ஒருவர். கலே ஊரில் பிறந்த பிரெஞ்சுக்காரர், லண்டனில் வாழ்ந்தார். 1799-ல் கிர்டினும் நண்பர்களும் மாலையில் கூடி வரைய ஒரு குழு வைத்தபோது இவரும் அதில் ஒருவர். பிற்பாடு ஃபிரான்சியா கலேக்கே திரும்பிவிட்டார். 1817-ல் நாட்டிங்ஹாம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பிழைப்புத் தேடிக் கலேக்கு வந்தது. அந்த வீட்டுப் பதினைந்து வயதுப் பையனுக்கு ஃபிரான்சியா நீர்வண்ணம் சொல்லிக்கொடுத்தார். அந்தப் பையன்தான் ஓவியர் பானிங்டன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாரிஸ், பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் நட்பு, 1824-ல் சலோன் என்ற பாரிஸ் ஓவியக் கண்காட்சியில் ஆங்கில ஓவியர் கான்ஸ்டபிளோடு சேர்ந்து தங்கப் பதக்கம். ரூவான் நகரத்தின் பெரிய கடிகாரத் தெருவை அதே வருடம் கல்லச்சில் வரைந்தார். தெருவுக்குக் குறுக்கே வளைவு, அதில் ஒற்றை முள் கடிகாரம், இரு பக்கமும் மரச்சட்ட வீடுகள். கிர்டினின் சென் தெனி தெருவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடத்தில் மாட்டின தாத்தா படத்தையும் பேரன் முகத்தையும் பார்க்கிற மாதிரி இருக்கும். பானிங்டனும் 1828-ல், 25 வயதில், காசநோயில் போய்விட்டார். கதவு அண்ணாவின் பாய்ஸ் பாரிஸில் பானிங்டனோடு பழகி அவரிடமிருந்துதான் நீர்வண்ணத்துக்கு வந்தார். ஆக, அண்ணா, உங்கள் ஆளும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான்.

---

பழைய கதவு

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. இது எனக்குப் புதுச் செய்தி. இன்று இரவு இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

---

லாச்சப்பல்வாசி

ஒரு கிழமையா எழுதேல்ல, மன்னியுங்கோ. நேற்று ஞாயிறு, லீவு. பேத்தியையும் கூட்டிக்கொண்டு லாச்சப்பலில இருந்து வளைவு வரைக்கும் நடந்துபோனன்.

கார் து நோரைத் தாண்டி, பிறகு முந்தி சென் லசார் சிறை இருந்த இடத்தையும் தாண்டி, பசாஜ் பிரடி வாசலுக்குக் கிட்ட வர வளைவு நல்லாத் தெரியத் தொடங்குது. நேரம் ஒண்டரை மணி. காப்பறைத் தங்கச்சி வெளிச்சத்தைப் பற்றி எழுதினதால நான் அதைத்தான் பார்த்தன். இந்தத் தெரு நேர் தெற்கு வடக்கா இல்லை, கொஞ்சம் சாய்வு. அந்த நேரத்தில சூரியன் சரியா வளைவுக்கு மேல நிக்குது. மாரிகாலம் எண்டபடியால் பதிஞ்ச வெய்யில். எங்களைப் பார்த்த முகத்தில வெய்யிலே இல்லை. மாஸ்ட்ரிக்ட் சிற்பமெல்லாம் ஒண்டும் விளங்கேல்ல, முழுக்க ஒரே கறுப்புக் கல். நடு வாசலுக்குள்ளால மட்டும் வெளிச்சம் தெருவில விழுந்து, எங்கட காலடி வரைக்கும் நீளமா வருது. வீடுகளின்ர ஜன்னலை எண்ணிப் பார்க்க முயற்சி செய்தன். கண் கூசி ஏலாமல் போச்சு. மூண்டாம் நாலாம் வீட்டுக்கு அங்கால எல்லாம் ஒரு மொத்தச் சுவராத்தான் தெரியுது.

தூரிகைக்காரி தங்கச்சி சொன்ன ‘ஒரே பூச்சு’ எனக்கு அப்பதான் விளங்கினது.

பேத்தி கேட்டாள், ‘தாத்தா, ஏன் நடுறோட்டில நிக்கிறீங்கள்?’ எண்டு. இருநூறு வருசத்துக்கு முன்னம் ஒருத்தர் இதில எங்கேயோ நிண்டு படம் வரைஞ்சவர் எண்டு சொன்னன். அவள் தன்ர போனைத் தூக்கிப் படம் எடுத்தாள். எடுத்திட்டு, ‘வளைவு கறுப்பா வந்திட்டுது, வடிவாயில்லை, மற்றப் பக்கம் போய் எடுப்பம்’ எண்டாள். வேண்டாம் பிள்ளை, இதுதான் சரியான படம் எண்டு சொல்லி அதையே அனுப்பச் சொன்னன். கீழ இணைச்சிருக்கிறன்.

---

நீர்வண்ணன்

ஐயா, படம் கிடைத்தது. பேத்திக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். ஜன்னலை எண்ணவில்லை. அவுரிப் பொடிக்கு நாட்டு மருந்துக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். நாளை காலையில் நான்காவது தாளை நனைக்கிறேன்.